குன்னூரில் பல் வெளுப்பு, எமரால்டில் தேத்தண்ணி

சிங்கப்பூரிலிருந்து பல் வெளுக்க யாராவது நீலகிரிக்குப் போவார்களா என்று கேட்டால், நான் போனேன். நவம்பர் மாதம், ஒரு வாரம். அலுவலகத்தில் சொந்த வேலை என்று விடுப்பு எடுத்தேன். அம்மாவிடம் மலை பார்க்கப் போவதாகச் சொன்னேன். ரகுவிடமும் அதையேதான் சொன்னேன். ரகு என்பவர் அதற்கு அடுத்த மாதம் என் கணவராக ஆகவிருந்தவர்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. இதுதான் முதல் கல்யாணம். பள்ளியில் பக்கத்து இருக்கைக்காரி என் பல்லைப் பார்த்து மக்காச்சோளம் என்று சொன்னாள். அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் என் வலது கை தானாக வாய்க்குப் போய்விடும். அதற்குப் பிறகு குடித்துத் தள்ளிய தேநீர் வேறு பல்லுக்கு நன்றாகவே சாயம் ஏற்றியிருந்தது. பழகிய இரண்டு வருடத்தில் ரகு என் புறங்கையைத்தான் அதிகம் பார்த்திருப்பார். திருமணப் பதிவன்று எடுக்கும் ஒரு படத்திலாவது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஒரு படத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போனேன்.

இனி விவரம். சிங்கப்பூரில் இதற்கு ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி, அதாவது அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். குன்னூரில் சுத்தம் செய்வது, வெளுப்பது, மறுபடி பார்ப்பது எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். விமானக் கட்டணத்தையும் அறை வாடகையையும் சேர்த்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு மலை இலவசமாகக் கிடைக்கிறது. கோயம்புத்தூரிலேயே நல்ல பல் மருத்துவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். பல்லைக் காட்டக் கூச்சப்படுகிறவளுக்கு மூடுபனி உள்ள ஊர்தான் தோதாகப் பட்டது.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்கி, மறுநாள் காலை ஏழு பத்துக்கு மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுவதுதான் திட்டம். மழையில் பாதையில் மண் சரிந்து ரயிலை நிறுத்திவிட்டார்கள். நவம்பரில் இது அடிக்கடி நடப்பதுதானாம், எனக்குத்தான் தெரியவில்லை. நிலையத்துக்கு வெளியே நின்ற ஆம்னி வேன் ஒன்றைப் பிடித்தேன். ஓட்டுநர் பெயர் செல்வராஜ். என் வயதுதான் இருக்கும். மஃப்ளரைத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். வழி நெடுக மரியாதையாகப் பேசினார். குன்னூர் சேர்வதற்குள் வாரம் முழுவதும் அவரே வண்டி ஓட்டுவது என்று முடிவாகிவிட்டது.

கல்லாறு தாண்டியதும் பனி வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உலகம் கொஞ்சம் அழிந்து, திரும்பினால் வேறு உலகம் இருந்தது. பாக்கு மரங்கள் போய், அங்கே கற்பூர மரம் என்று சொல்லும் தைல மரங்கள் வந்தன. பிறகு தேயிலை. தூரத்தில் ஒரு சரிவு மட்டும் வெயிலில் தெரிந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் நான் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். தேயிலைச் செடி இடுப்புயரம் இருக்கும் என்று படித்திருந்தேன். அங்கங்கே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. ஏன் என்று கேட்டேன். பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை கட்டவில்லை என்று பலர் அப்படியே விட்டுவிட்டதாகச் செல்வராஜ் சொன்னார். அவருக்கும் எமரால்டு என்ற ஊர் பக்கம் ஒரு ஏக்கர் இருக்கிறதாம். தேயிலை விலை விழுந்த பிறகு வேன் வாங்கி ஓட்டுகிறார். மனைவி புஷ்பம்தான் தோட்டத்தை விடமாட்டேன் என்று பிடிவாதமாகப் பறித்துக்கொண்டிருக்கிறாராம். சொல்லிவிட்டு ஏதோ வேடிக்கையாகப் பேசினார். நான் சிரித்தேன். கை வாய்க்குப் போனது. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

மறுநாள் காலை வண்டியில் ஏறினால், முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் பாதியாக வெட்டி வைக்கப்பட்டிருந்தது. திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவமனை குன்னூரிலேயே பெட்ஃபோர்டு பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். ரொட்டி வாசனையில் பல்லைச் சுத்தம் செய்துகொள்வது ஒரு தினுசான சோதனை. மருத்துவர் அம்மா அதிகம் பேசாதவர். பீங்கான் பல் மாதிரிகளை விசிறிபோலக் கோத்த ஒன்றை என் பல்லருகே வைத்து, இப்போது எந்த நிறம், எதுவரை வரலாம் என்று காட்டினார். அடைத்த பல்லும் உறை போட்ட பல்லும் வெளுக்காது, இயற்கைப் பல் மட்டும்தான் வெளுக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இதை உங்கள் மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். முதல் நாள் சுத்தம் மட்டும். ஈறு ஆற ஒரு நாள் விட்டு, புதன்கிழமை வெளுப்பு.

அந்த இடைநாளில் சிம்ஸ் பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். பனி இறங்கினால் எதிர்ப் பெஞ்சில் இருப்பவர் காணாமல் போவார், ஏறினால் திரும்பி வருவார். அந்த ஊரில் யாருக்கும் யாரும் முழுதாகத் தெரிவதில்லை. அது எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

புதன்கிழமை உதட்டை விரித்துப் பிடிக்க ஒரு வளையம் மாட்டினார்கள். ஈறுக்குப் பாதுகாப்பாக எதையோ பூசி, பல்லில் குளிர்ந்த பசை தடவி, மேலே ஒரு நீல விளக்கை வைத்தார்கள். கண்ணுக்கு ஆரஞ்சு நிறக் கண்ணாடி. கால் மணி நேரம் வைத்துத் துடைத்து, மறுபடி தடவி, அப்படி மூன்று முறை. வலி இல்லை, அவ்வப்போது ஒரு சுரீர். ஜன்னல் வழியாக எதிர் மலை தெரிந்தது. அந்தக் கண்ணாடியில் பச்சை மலை முழுவதும் டீத்தூள் நிறத்தில் இருந்தது. ஒரு மலையையே வாணலியில் போட்டு வறுத்து வைத்திருக்கிறார்கள் என்று அரைத் தூக்கத்தில் நினைத்துக்கொண்டேன். எழுந்து கண்ணாடி பார்த்தபோது பல் அந்த விசிறிக் கணக்கில் ஆறு படி வெளுத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருத்துவர் அம்மா சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். கை வாய்க்குப் போய்விட்டது.

அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. பல் வெளுத்துவிட்டது, கைக்கு அது தெரியவில்லை. இத்தனை வருடப் பழக்கத்துக்கு எந்தப் பசையைத் தடவுவது? படம் எடுக்கும்போதும் இப்படியே போய் நின்றால் வந்ததெல்லாம் வீண்தானே.

இரண்டு நாளைக்கு நிறமுள்ள எதையும் சாப்பிடக் கூடாது. தேநீர், காப்பி, மஞ்சள், குழம்பு, பீட்ரூட் எதுவும் ஆகாது. நம் சமையலில் இது எளிதுதான். இட்லி, ஆப்பம், தேங்காய்ப்பால், தயிர் சாதம். சாம்பார் இல்லாமல் இட்லி சாப்பிடுவதை மட்டும் யாரும் பார்க்காதபடி சாப்பிடுங்கள், பரிதாபப்படுவார்கள். குளிர்ந்த காற்று பட்டாலே பல் கூசும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை எமரால்டு அணை பார்க்கப் புறப்பட்டோம். குன்னூரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். வண்டிக் கதவைத் திறந்ததும் நீலகிரித் தைல நெடி முகத்தில் அறைந்தது. இருக்கை, மிதியடி எல்லாவற்றிலும் தெளித்திருந்தார். மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தால் குளிர்காற்றில் பல் கூசியது, அதற்கும் பொத்திக்கொண்டேன். செல்வராஜ் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் முகம் வாடியிருந்தது. வீட்டில் ஏதாவது கஷ்டமாக இருக்கும் என்று நானும் கேட்கவில்லை.

அணைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கற்பூர மரம் சாலையின் குறுக்கே விழுந்து கிடந்தது. அறுத்து எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. தன் வீடு பக்கம்தான், அங்கே இருக்கலாம் என்று செல்வராஜ் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார்.

ஓடு வேய்ந்த சின்ன வீடு. வாசல் ஓரம் ஒரு சாக்கு நிறையத் தேயிலை இலை, நனைந்து கிடந்தது. முந்தின நாள் பேக்டரியில் இலை முற்றிவிட்டது என்று திருப்பி அனுப்பியதாம். விலை நன்றாக இருந்த காலத்தில் இதைவிட முற்றின இலையையும் வாங்கிக்கொண்டார்களாம். இப்போது அடிக்கடி திரும்பி வருகிறது. திரும்பி வரும் இலையைப் புஷ்பம் எறிவதில்லை. சாக்கில் பரப்பி வாட்டி, கையாலேயே உருட்டி, நிறம் மாறும்வரை விட்டு, வாணலியில் காய வைத்து வீட்டுத் தூளாக்கிக்கொள்கிறார். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டில் டீ என்று சொல்வதில்லை, தேத்தண்ணிதான்.

நான் உட்காருவதற்குள் கையில் ஒரு டம்ளர் வந்துவிட்டது. பால் இல்லாத தேத்தண்ணி, நல்ல சிவப்பு. கை விறைத்துப் போயிருந்ததால் இரண்டு உள்ளங்கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். சூடு முழங்கை வரை ஏறியது. குடிக்கவில்லை. நேற்றுக் கொடுத்த பன்னிரண்டாயிரம் பல்லில் இருந்தது, அடுத்த மாதப் படம் மனதில் இருந்தது. கதவுக்கு வெளியே பனி நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே, ஆறட்டும் என்பதுபோல ஊதிக்கொண்டிருந்தேன்.

புஷ்பம் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோபம் இல்லாமல், மெதுவாகக் கேட்டார்.

"பேக்டரிலதான் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. நீங்களுமாக்கா?"

எனக்கு நெஞ்சில் சுரீரென்றது. யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னேன். பல் வெளுக்க வந்தது, கல்யாணம், படம், இரண்டு நாள் பத்தியம், மக்காச்சோளம் உட்பட எல்லாம். சொல்லி முடித்ததும் செல்வராஜ் பெரிதாக மூச்சு விட்டார்.

"அதுக்குத்தான் வாயப் பொத்துனீங்களா? வண்டி நாறுதுன்னு நெனச்சுட்டு நானு ரெண்டு தடவ கழுவிட்டேனுங்க. நேத்து ராத்திரி ஒரு பாட்டல் தைலம் ஊத்துனேனுங்க."

"அதுல என் முட்டிக்குத் தேய்க்க வச்சிருந்த தைலமும் போச்சு," என்றார் புஷ்பம்.

எலுமிச்சம்பழமும் அதற்காகத்தான். நான் பொத்துவதைப் பார்த்து அவர் தைலம் தெளிக்க, நான் தைலத்துக்காக இன்னும் பொத்த, அந்த மனிதர் நாலு நாளாக இராத்தூக்கம் இல்லாமல் வண்டியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், வயிற்றிலிருந்து வந்தது. புஷ்பம் குனிந்து என் வாயை நேராகப் பார்த்தார்.

"நல்லாத்தானக்கா இருக்கு. இத எதுக்கு மறைக்கிறீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். என் இரண்டு கையும் டம்ளரில் இருந்தன. வாய்க்குப் போக எனக்குக் கை மிச்சமில்லை. இரண்டு பேர் முன்னால், முழுப் பல்லும் தெரிய நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணியைக் குடித்தேன். முதல் வாயில் பல் கூசி உச்சந்தலை வரை ஏறியது. கொஞ்சம் துவர்ப்பு, பின்னால் புகை வாசம், கடைசியில் ஒரு இனிப்பு. இதை முற்றின இலை என்று திருப்பியவர்கள் என்ன குடிக்கிறார்களோ தெரியவில்லை. புஷ்பம் இரண்டாவது டம்ளர் ஊற்றியபோதும் கையை நீட்டினேன். மழை விட்டது. வாசலுக்கு எதிரே இருந்த சரிவு பனியிலிருந்து வெளியே வந்தது. யாரும் பறிக்காத செடிகள் மரமாக நின்றன, நடுவில் ஒரு ஏக்கர் மட்டும் சீராக, மட்டமாக இருந்தது. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மருத்துவர் அம்மா மாதிரி விசிறியை வைத்துப் பார்த்து, ஒரு படி இறங்கியிருக்கிறதே என்றார். எமரால்டில் தேத்தண்ணி குடித்ததை ஒப்புக்கொண்டேன். ஒரு டம்ளரா என்று கேட்டார். இரண்டு என்றேன். அவரும் சிரித்துவிட்டார். ஐந்து படி போதும் என்று அனுப்பிவிட்டார்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நவம்பரில் போகாதீர்கள், போனால் மலை ரயிலை நம்பாதீர்கள். சுத்தம் செய்த அன்றே வெளுக்காதீர்கள், நடுவில் ஒரு நாள் விடுங்கள். வண்டிக்காரரிடம் வந்த காரியத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள், தைலம் மிச்சமாகும். பார்க்க வேண்டிய வீடுகளையெல்லாம் வெளுப்புக்கு முன்பே பார்த்துவிடுங்கள். தேயிலை விலை படுத்துக் கிடக்கும் ஊரில் வந்த டம்ளரைத் திருப்பிக் கொடுக்க உங்களாலும் முடியாது. நான் புஷ்பத்திடம் ஒரு கிலோ தூள் வாங்கி வந்தேன். காசு வேண்டாம் என்றார். தைலத்துக்கு என்று சொல்லித்தான் கொடுக்க முடிந்தது.

திருமணப் பதிவு முடிந்து வெளியே வந்ததும் புகைப்படக்காரர் எங்களைச் சிரிக்கச் சொன்னார். என் கை மெல்ல எழும்புவது எனக்கே தெரிந்தது. ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்த சுடுநீர்க் குடுவையைத் திறந்து மூடியில் ஊற்றினேன். அன்று காலை நானே போட்டுக் கொண்டுவந்த புஷ்பத்தின் தேத்தண்ணி. ரகு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படம் நன்றாக வந்திருக்கிறது. ரகுவின் கையில் பூச்செண்டு. என் இரண்டு கையிலும் தேத்தண்ணி.