மிச்ச வெயிலில் ஒரு வாளி வெந்நீர்

பம்பரம் என்று அவனுக்குப் பெயர் வைத்தது மாமனார்தான். மருமகன் ஓரிடத்தில் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. சாப்பிடும்போதுகூட அவனுடைய ஒரு கால் வாசல் பக்கம் திரும்பியிருக்கும்.

அவன் பைக் மெக்கானிக். வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டு வேலை பார்த்தான். மின்கம்பங்கள் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே நின்றுவிட்டன. அதனால் கூரையில் பழைய சோலார் பேனல்களும், கட்டிலுக்கு அடியில் பேட்டரிகளும் இருந்தன.

மனைவிக்கு மீன் கம்பெனியின் குளிர் அறையில் பெட்டி அடுக்கும் வேலை. கையுறை போட்டிருந்தும் விரல்கள் விறைத்துப் போகும். சாயங்காலம் வீடு வந்தால் செருப்பு வாரைக்கூட அவளால் கழற்ற முடியாது. அவன் அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனால் தடுத்துவிடுவாள்.

"கேஸ் தீர்ந்தா சிலிண்டரை அவ்வளவு தூரம் யாரு தூக்கிட்டு வர்றது? விடுங்க, தானா சரியாயிடும்."

சரியாகவில்லை. கம்பெனி விடுதியில் எப்போது திறந்தாலும் வெந்நீர் வருமாம். அங்கே தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாமா என்று ஒருநாள் அவள் மெதுவாகக் கேட்டாள். பம்பரம் எழுந்து போய் இருட்டில் எதையோ தேடுவதுபோல் கொட்டகைச் சாமான்களை உருட்டினான்.

மறுநாள் மத்தியானம்தான் சோலார் பெட்டியின் பச்சை விளக்கு அவன் கண்ணை உறுத்தியது. அது எரிந்தால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அடிக்கிற வெயிலெல்லாம் வீண். அந்த வீணைத் தண்ணீருக்குத் திருப்பினால் என்ன? பழைய இரும்புக் கடையில் ஒரு கீசரை வாங்கிவந்து, பேனலுக்குப் பொருத்தமான சூடேற்றும் கம்பியை அதில் மாட்டினான். பச்சை விளக்கு எரிந்த பிறகு மட்டும் மின்சாரம் கீசருக்குப் போகும்படி இணைத்தான்.

சாயங்காலம் குழாயைத் திறந்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. பேட்டரி சீக்கிரம் நிறைய வேண்டுமென்று மிக்ஸியை நிறுத்தினான். மின்விசிறியை நிறுத்தினான். மிச்சமாகும் வெயிலுக்காகத் தொடங்கிய வேலை, மிச்சம் பிடிக்கும் வேலையாக மாறிவிட்டது. ஒரு நட்டை முடுக்குவான், ஓடிப்போய் விளக்கைப் பார்ப்பான். ஒரு மேகம் வந்தால் முறைத்துக்கொண்டு நிற்பான்.

"மாமா, டி.வி. ஓடுதா?"

"ஓடல மாப்ள. அது பாட்டுக்கு நடக்குது."

"விளையாடாதீங்க மாமா. அணைங்க."

"வில்லன் மாட்டப் போற நேரம் பார்த்து அணைக்கச் சொல்றீங்களே, நீங்க அவன் ஆளா?"

அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே புழுங்கியது. "சோலார் வாங்கினது வீட்டுக்குன்னு நினைச்சேன். வாளிக்குன்னு தெரியாமப் போச்சு" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

இப்படியே போய், விடுதியில் சேருவதா இல்லையா என்று கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாள் வந்தது. கீசரில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. தண்ணீர் ஓர் அளவு சூடானதும் அது தானாகவே மின்சாரத்தை நிறுத்திவிடும். அதுதான் சதி செய்கிறது என்று பம்பரத்துக்கு அன்று காலையில் தோன்றியது. பிடுங்கிப் போட்டுவிட்டு ஒயரை நேராக இணைத்தான். வெயிலும் வஞ்சனையில்லாமல் அடித்தது. சாயங்காலம் குழாயைத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. வாளியை நிரப்பி வாசலில் வைத்தான். பச்சைத் தண்ணீர் கலக்கத் திரும்பியவனை ஒரு வாடிக்கையாளர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். பிரேக் பிடிக்கவில்லையாம்.

பிரேக் கம்பியைக் கையில் பிடித்தபடி அவன் தலையைத் தூக்கியபோது மனைவி வந்துவிட்டிருந்தாள். வாளியைப் பார்த்துச் சிரித்தபடி குனிந்தாள்.

"தொடாதே!"

இரண்டு கைகளும் உள்ளே போய்விட்டன. அவள் கத்தவில்லை, கையை எடுக்கவும் இல்லை. "ஏன் கத்தறீங்க? இன்னிக்கும் சூடாகலையா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

பம்பரம் ஓடிவந்து வாளியை உதைத்துத் தள்ளினான். தண்ணீர் ஆவியோடு வாசலெங்கும் ஓடியது. அவள் கைகள் மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தன. மாமனார் பானையோடு ஓடிவந்து மகளின் கைகளில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். வெந்நீருக்காக இத்தனை பாடு, கடைசியில் பச்சைத் தண்ணீர்தான்.

நல்லவேளை, தோல் கொப்பளிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எரிச்சல் தெரிந்தது. எரிகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

"என்னாலதான்" என்றான். "நீ விடுதிக்கே போ. அங்க ஒழுங்கா சூடு பண்ணித் தருவாங்க."

அவள் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மரத்துப் போகுதுன்னு தெரியும். சுடுறதுகூடத் தெரியாதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அங்கயும் குழாயைத் திறந்து இப்படித்தானே கையை விடுவேன்? தட்டிவிட அங்க யாரு இருக்கா?"

"அப்போ?"

"விடுதி வேணாம்னு சொல்லிடறேன். லேபிள் ஒட்டற பக்கம் மாத்துங்கன்னும் கேக்கப் போறேன். மாத்தலைன்னா வேற வேலை பார்ப்போம். நீங்க முதல்ல அந்த ஸ்விட்சை மாட்டுங்க. இனிமே தண்ணி பதமா இருக்கான்னு நீங்க கை வச்சுப் பார்த்த பிறகுதான் நான் தொடுவேன்."

மாமனார் காலிப் பானையைக் கீழே வைத்தார். "பச்சை விளக்கு இன்னும் எரியுதா மாப்ள?"

"எரியுது மாமா."

"அப்ப அந்த வில்லன் என்ன ஆனான்னு பார்க்கலாமா?"

"போட்டுக்கோங்க மாமா. ஃபேனையும் போடுங்க."

பம்பரம் பிரேக்கைச் சரிசெய்து வாடிக்கையாளரை அனுப்பினான். பிறகு கீசரைத் திறந்து ஸ்விட்சைப் பழையபடி மாட்டினான். உள்ளே டி.வி. அலறியது. மனைவி பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தான். உடனே எழுந்து போய்க் குழாய்க்கு அடியில் விரலை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தான்.