முகம் தெரியும் மூடி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் வணக்கம். அண்ணனின் நல்ல குணங்கள் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றையும் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அண்ணன் பாடாங் மேஹா பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். பதினைந்து வயதில் அப்பா தவறிவிட, பள்ளிப் பையை ஆணியில் மாட்டிவிட்டு பால் எடுக்க மரம் வெட்டப் போனார். பிறகு லூனாசில் தொழிற்சாலை வேலை. அவர் படிக்காததால்தான் தங்கை நான் படித்தேன். ஊரெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பங்களாவைக் காலி செய்த தோட்ட மேனேஜர் ஒரு கரி அடுப்பை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். உருண்டை மூடி, கருநீல எனாமல். ஞாயிறுதோறும் அதில் கோழி வாட்டுவார். தின்று முடித்து நாங்கள் சாய்ந்துவிடுவோம். அண்ணன் மட்டும் மூடியின் சூடு தணியக் காத்திருப்பார். சூட்டில் தண்ணீர் பட்டால் எனாமல் வெடித்துவிடும். இளஞ்சூடு இருக்கும்போதே சவர்க்கார நீரில் துணி நனைத்துத் துடைப்பார். எண்ணெய்க் கறைக்குச் சோடா மாவைக் குழைத்துப் பூசுவார். கடைசியில் காருக்குப் போடும் பாலிஷ். வட்ட வட்டமாகத் தேய்த்து, அந்த மூடியில் பார்த்தே தலை சீவிக்கொள்வார்.

“முகம் தெரியணும்லா. தெரியலன்னா வேல முடியல” என்பார்.

போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளி நெருங்கிய சமயம் ஒரு காரியம் செய்தேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்த நேரம், அவருக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று, மூடியைக் கம்பி நாரால் அழுந்தத் தேய்த்துவிட்டேன். கறை போனது. நடுவில் வெள்ளைக் கீறல்கள் விழுந்துவிட்டன.

அண்ணன் திட்டவில்லை. குனிந்து பார்த்தார். “கற போவும் பாப்பா. கீறல் போவாது” என்றார். அதன் பிறகு அவர் தலை சீவும்போதெல்லாம் மூடியில் அவர் முகம் குறுக்கே அறுபட்டுத் தெரியும். மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாழாய்ப்போன வீம்பு, கேட்கவில்லை.

பிறகு நோய் வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் என் கையைப் பிடித்து, “வூட்டுக்கு வந்ததும் அந்த மூடிய சரி பண்ணிடுறேன், நீ அழுவாத” என்றார். வீட்டுக்கு அவர் உடல்தான் வந்தது.

துக்க வீட்டு வழக்கப்படி அண்ணி எல்லாக் கண்ணாடிகளையும் துணியால் மூடினார். அலமாரிக் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, மோட்டார் சைக்கிள் கண்ணாடிகூட. பின்பக்கக் கொட்டகையில் இருந்த, முகம் தெரியும் அந்த அடுப்பு மூடி யார் நினைவுக்கும் வரவில்லை.

எட்டாம் நாள் படையலுக்கு அவருக்குப் பிடித்த கோழியை வாட்ட வேண்டுமென்று காலையில் கொட்டகைக்குப் போனேன். விடாத மழை. அண்ணன் நோயில் விழுந்ததிலிருந்து மூன்று மாதமாக யாரும் தொடாத அடுப்பு. தூசி படிந்திருக்க வேண்டும். மூடி பளபளத்தது. கைப்பிடியில் ஈரத்துணி தொங்கியது. பாலிஷ் வாசம் வந்தது. தொட்டேன். இளஞ்சூடாக இருந்தது.

அண்ணியைக் கூப்பிட்டேன். “நான் கொட்டாய்க்குப் போயே எட்டு நாளாச்சு. வூட்டுல எல்லாரும் இப்பத்தான எழுந்திரிச்சாங்க” என்றார்.

மூடியில் என் முகத்தைப் பார்த்தேன். எங்கும் அறுபடவில்லை. விரலால் தடவினேன், கீறல் அத்தனையும் இருந்தது. கண்ணுக்குத்தான் ஒன்றுகூடத் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பயந்து அழுதேனா என்று கேட்டால், பயமும்தான்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவமனைத் தாதியருக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், பதினாறு நாளும் பந்தல் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் ஒருவர் அந்த மூடியைத் துடைத்திருந்தால் தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லுங்கள். ஓராண்டாகக் கேட்டுவிட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. இன்றும் யாரும் சொல்லாவிட்டால், அந்த நன்றியை மூடியைப் பார்த்தே சொல்லிக்கொள்கிறேன், அண்ணா.