படிவத்தில் இல்லாத மாத்திரை

அலுவலகத்தில் அவளுக்குக் கதவுக்காரி என்று பெயர். பத்து வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி வாட்டர் ஃபில்டர் விற்றவள். முகத்தில் அடித்தாற்போல் சாத்திய கதவைக்கூட மறுநாள் சிரித்தபடி திறக்க வைத்துவிடுவாள். நாற்பத்திரண்டு வயதில் அரசாங்கத்தின் உடல்நலக் கணக்கெடுப்பில் வேலை கிடைத்தபோது, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், "இனிமே விக்கிறதுக்கு ஒண்ணுமில்லையே, நாள் முழுக்க என்ன பேசுவ?" என்று கேலி செய்தார்.

நாட்டில் யார் குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள், என்னென்ன போதைப்பொருள் எடுக்கிறார்கள் என்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு அது. குலுக்கலில் விழுந்த வீடுகளுக்கு மட்டும் போக வேண்டும். டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவர்கள் எந்தப் பதிலைத் தொடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பெயர் பதிவதில்லை. படிவத்தில் இல்லாததைக் கேட்கவும் கூடாது.

முன்னோட்டச் சுற்று நடந்துகொண்டிருந்தது. அது முடிந்ததும் வெள்ளிக்கிழமை படிவத்தை இறுதி செய்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை, மூன்றாம் மாடி வீடு ஒன்றில் தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள்.

"எல்லாத்துக்கும் இந்த டேப்லெட்லயே பதில் சொல்லிடலாம்மா," என்றாள் கதவுக்காரி.

"எனக்கு எதுக்குக்கா இன்னொரு டேப்லெட்? நானே தினம் ஆறு போடுறேன்."

இருவரும் சிரித்தார்கள். தையல்காரப் பெண் பதில்களை முடித்துவிட்டு, மேஜை மேலிருந்த அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"இடுப்பு வலிக்கு. டாக்டர் அஞ்சு நாளைக்குத்தான் எழுதிக் குடுத்தாரு. மூணு வருஷமா நானே வாங்கிப் போடுறேன். விட்டா கை நடுங்குது, தூக்கம் வரல. கஞ்சா பத்திக் கேட்டீங்க, இல்லைன்னு போட்டேன். இது போதை இல்லையே, வலிக்குத்தானே?"

கதவுக்காரியின் சிரிப்பு நின்றது. உதவி எண் அச்சிட்ட சீட்டை வழக்கம்போல் கொடுத்தாள். இந்த முறை எண்ணை விரலால் தொட்டும் காட்டினாள். படிக்கட்டில் உட்கார்ந்து படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். மது, புகையிலை, கஞ்சா, ஊசி. வலி மாத்திரைக்கு ஒரு வரிகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தது. அதில் எழுதினாள்.

அதன்பிறகு காதைத் தீட்டிக்கொண்டு போனாள். புதன்கிழமைக்குள் முப்பத்தொரு வீடுகளில் ஒன்பது பேர் தாங்களாகவே மாத்திரைப் பேச்சை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேற்பார்வையாளரை போனில் பிடித்தாள்.

"படிவத்துல இல்லாததைக் கேட்டீங்களா?"

"கேக்கல சார். அவங்களா சொல்றாங்க. நாமதான் கேக்காம விட்டுட்டோம்."

அவர் அவளுடைய குறிப்புகளைத் திரையில் திறந்து பார்த்தார். பிறகு, "நாளைக்குக் காலையில தலைமை அலுவலகத்துக்கு வாங்க," என்றார்.

நீள மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர். தலைமை மருத்துவர் அம்மா அவள் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது பேர் சொன்னதை வச்சு ஒரு முடிவுக்கு வர முடியாதும்மா," என்றார் புள்ளியியல்காரர்.

"அதனாலதான் சார், எல்லார்கிட்டயும் கேக்கணும்னு சொல்றேன்." அவள் அத்தோடு நிறுத்தவில்லை. "போதைங்கிற தலைப்புக்குக் கீழே மட்டும் போட்டுடாதீங்க. ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லமாட்டாங்க. டாக்டர் சொன்ன நாளைத் தாண்டியும் வலி மாத்திரை போடுறீங்களான்னு நேரா கேளுங்க."

மருத்துவர் அம்மா பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டார். படிவம் இறுதியாவதை நான்கு நாள் தள்ளிவைத்தார்கள். ஐந்து பேர் அறுபது வீடுகளில் புதிய கேள்வியைப் பரிசோதித்தார்கள். கதவுக்காரி ஓட்டமும் நடையுமாகப் படியேறினாள். செவ்வாய் மாலை எண்ணிக்கை வந்தது. பதினான்கு பேர் ஆம் என்று தொட்டிருந்தார்கள். புள்ளியியல்காரர் நாற்காலியை விட்டு எழுந்து, திரையைத் தானே அவள் பக்கம் திருப்பினார்.

அந்தக் கேள்வி நாடு முழுக்கப் போனது. பதினான்கு மாதம் கழித்து அறிக்கை வெளிவந்தபோது அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே போனில் அட்டவணையைத் தேடினாள். கஞ்சாவைவிட மூன்று மடங்கு அதிகமாக இருந்தது வலி மாத்திரை. சுகாதார நிலையங்களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த உதவும் சிகிச்சை தொடங்கப்படும் என்றும் அறிக்கையில் இருந்தது. அவளுடைய பேருந்து வந்து போனது. அவள் கவனிக்கவில்லை. தையல்காரப் பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொல்லத் துடித்தாள். கணக்கெடுத்த வீட்டுக்குத் திரும்பப் போகக் கூடாது என்பது விதி. கணவரை அழைத்து மூச்சு விடாமல் எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள்.

முழுவதையும் கேட்ட பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"என் டூல் பைலயும் ஒரு அட்டை கெடக்கு," என்றார். "முதுகுக்கு."

"எத்தனை நாளா?"

"நாளெல்லாம் இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சு."

நாட்டுக்கே கேள்வி எழுதிக் கொடுத்தவள் தன் வீட்டில் கேட்கவே இல்லை. அதிர்ச்சிதான். ஆனாலும் அவர் வாய்விட்டுச் சொன்னதில் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. "சாயந்திரம் சீக்கிரம் வாங்க," என்றாள். சிகிச்சை தொடங்கிய முதல் வாரமே இருவரும் சுகாதார நிலையத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஏழு மாதம் பிடித்தது. இப்போது அவர் மாத்திரை போடுவதில்லை.