பின்பக்கம் நாடா வைத்த பெல்ட்

கேரள எல்லையை ஒட்டிய வேலந்தாவளத்தில் மாட்டுத் தீவனக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது பொன்னாத்தாளின் கடை. கீழே உடம்பைப் பெருக்கும் சரக்கு, மேலே பெருத்ததை அடக்கும் சரக்கு. சந்தை நாளில் மூட்டை தூக்குகிறவர்களும் படியேறுகிற பெண்களும் ஒரே வாசலில் ஒதுங்கி ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொள்வார்கள். பலகையில் ‘குதிர்’ என்று மட்டும் எழுதியிருக்கும், தமிழிலும் மலையாளத்திலும். நெல் கொட்டிவைக்கிற, வயிறு பெருத்த மண்கூட்டின் பேர் இடுப்பை மெலிவாகக் காட்டும் உள்ளாடைக்கு எப்படி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. புதுமாதிரிப் பேர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவள் தைப்பதை ஊரில் பெல்ட் என்பார்கள். பிள்ளை பெற்றவர்கள் வயிற்றில் கட்டுவது, பட்டுச்சேலைக்கு உள்ளே போடுவது, மலையாளத்துக் கல்யாணப் பெண்கள் கவுனுக்குள் அணியும் கார்செட் எல்லாமே அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். முப்பத்தாறு வயது, கல்யாணமாகவில்லை, மாட்டுத் தரகரின் மகள். மற்றவர்களின் இடுப்பைப் பற்றி இவ்வளவு தெரிந்தவள் தன் இடுப்பை அதன்போக்கில் விட்டிருந்தாள். தான் தைத்ததை ஒருநாளும் போட்டுக்கொண்டதில்லை.

பலகையிலிருந்த பேருக்கு ஒரு கதை உண்டு. பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கிட்டுச்சாமி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். கூட அவருடைய அம்மாவும் தங்கை சிவசங்கரியும். ஜாதகம் பொருந்தியிருந்தது. கிட்டுச்சாமி பெண்ணை நல்லவிதமாகப் பார்த்தார், பஜ்ஜியையும் நல்லவிதமாகச் சாப்பிட்டார். தங்கைதான் கை கழுவப் போன இடத்தில், தலைக்குப் பின்னால் சமையலறை ஜன்னல் இருப்பதைக் கவனிக்காமல், அம்மாவிடம் சொன்னாள்:

“குதிருக்குச் சேல சுத்தி உட்டாப்பல இருக்குதும்மா. இதையக் கொண்டுபோய் அண்ணன் பக்கத்துல நிறுத்தறதா?”

ஜன்னலுக்கு உள்ளே பொன்னாத்தாள் நின்றிருந்தாள். அவளோடு அவள் அம்மாவும், ஒத்தாசைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும். நால்வர் காதிலும் விழுந்தது. மற்ற மூவரும் விழாததுபோல அடுப்பைப் பார்த்தார்கள். சொன்னதைவிட அதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது. சம்பந்தம் அன்றே முறிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் காதில் விழாத அந்த வார்த்தையைப் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அந்த வாரமே பொன்னாத்தாள் கோயமுத்தூருக்குப் போய் இறுக்கமான உள்ளாடை ஒன்று வாங்கிவந்து போட்டுப் பார்த்தாள். நிற்கும்போது சரியாக இருந்தது. உட்கார்ந்ததும் மேல்விளிம்பு பாயைப்போலச் சுருண்டு இறங்கியது. வேறொருத்தி அதைத் தூக்கிப் போட்டிருப்பாள், அல்லது அழுதிருப்பாள். இவள் தையலைப் பிரித்தாள். அவமானத்துக்குக் காரணம் தேடுவது கஷ்டம். துணி சுருண்டதற்குக் காரணம் தேடுவது எளிது. நாலு பக்கமும் இழுபடும் துணி யாரையும் அடக்காது என்று கண்டுபிடித்தாள். முன்வயிற்றில் இரண்டு அடுக்குத் துணி, ஒன்றின் இழுவை குறுக்கே, மற்றதன் இழுவை மேலும் கீழுமாக. விலாவில் மூச்சுக்கு இடம் விடும் வலைத்துணி. சுருளாமல் இருக்கக் கம்பிக்கட்டுகளைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை, முனையை உருட்டித் தேய்த்து. துணியைத் தேயிலைச் சாயத்தில் முக்கி அவரவர் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். “சதை எங்கயும் போயிராதுங்க, நாம காட்டுற பக்கம் போகும்” என்பது வருகிறவர்களிடம் அவள் சொல்லும் ஒரே தத்துவம். கோபத்துக்கும் அது பொருந்தும். அதை அவள் சொல்வதில்லை.

தொழில் பிடித்ததற்குத் தையல் மட்டும் காரணமில்லை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட எவ்வளவு என்று தெரியாது. அப்பாவிடம் பார்த்த அந்த வித்தையைப் பொன்னாத்தாள் மாடிக்குக் கொண்டுவந்தாள். வருகிற பெண்ணின் இடுப்பைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டு, அதற்கு அடியில் டேப்பை ஓட்டி, கண்ணால் பார்க்காமல் விரலால் அளவெடுப்பாள். எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், அந்தப் பெண்ணிடமே சொல்ல மாட்டாள். எல்லைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பெண்கள் வந்தது இந்த வாய்க்கட்டை நம்பித்தான். அதே வாய் ஒரே ஒரு பழியைச் சொல்லிவிட ஏங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

போன தை மாதம் சிவசங்கரி படியேறி வந்தாள். இரண்டு பிள்ளைக்காரி, தானியம் கொட்டி வைக்க அவளிடமும் இப்போது இடம் இருந்தது. அண்ணனுக்கு ஒருவழியாகக் கல்யாணம் கூடியிருந்தது. பக்கத்தில் நிற்கத் தகுதியானவளைத் தேடித் தேடி, ஒருத்திக்கு நிறம், ஒருத்திக்குப் பல், ஒருத்திக்கு நடை என்று தங்கை கழித்துக்கட்டியதில் கிட்டுச்சாமிக்கு நாற்பது தாண்டி, தலைமுடியும் கழன்றிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் இணைச்சீர். மாப்பிள்ளையின் தங்கை கல்யாணப் பெண்ணைப்போல உடுத்தி, அண்ணன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவள் கக்கத்தில், மறு தலைப்பு அண்ணன் கையில். சொந்தபந்தம் அத்தனையும் அவளைத்தான் பார்க்கும், கேமராவும்.

பொன்னாத்தாள் படியிலேயே அவளை அடையாளம் கண்டுகொண்டாள். சிவசங்கரிக்கு அவளைத் தெரியவில்லை.

“கடப் பேரு ஷோக்கா இருக்குதுங்க. யாருங்க வெச்சது?”

“ஒரு அம்முணி சொன்னாங்க. புடிச்சுது, வெச்சுட்டேன்.”

அதற்குமேல் பேசாமல் துண்டைப் போட்டு அளவெடுத்தாள். பதினொரு வருஷத்துக்கு முன் தன் இடுப்பு இருந்ததைவிட இரண்டு அங்குலம் கூடுதல் என்று விரல் சொன்னது. அன்று சந்தை நாள், படி முழுக்கப் பெண்கள். எண்ணை ஒருமுறை உரக்கச் சொன்னால் போதும். ஆனால் அதோடு கடையையும் பூட்ட வேண்டியதுதான். நாளைக்கு யாரும் அந்தத் துண்டுக்கு உள்ளே வர மாட்டார்கள். எண் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது.

இரண்டாவதாக அவளுக்குத் தோன்றியது கெட்ட தையல். உட்கார்ந்தால் பட்டை முனை விலாவில் குத்துகிற மாதிரி ஒன்றை வெட்டி, பாதி தைத்தும்விட்டாள். பிறகு உற்றுப் பார்த்து, பிரித்துப் போட்டாள். இரக்கத்தால் இல்லை. தன் பேர் தைத்த துணி ஒரு கல்யாண மண்டபத்தில் கோணலாக நடமாடுவதை அவளால் சகிக்க முடியவில்லை. பழிவாங்கவும் ஓரம் அடித்துத்தான் வாங்க வேண்டும் என்கிற ஜாதி அவள்.

ஆகவே அதுவரை தைத்ததிலேயே மிகச் சிறந்ததைத் தைத்தாள். ஒரே ஒரு மாற்றம். அவள் பெல்ட்டுகளில் கொக்கி முன்பக்கம் இருக்கும். தானே போட்டு, தானே கழற்றலாம் என்பதுதான் அவற்றின் பெருமை. இதற்குப் பின்பக்கம் வளையங்கள் அடித்து, நாடா கோர்த்தாள்.

“முன்னால கொக்கி வெச்சா பட்டுல தடம் தெரியுமுங்க. ரவிக்கைக்கு அளவு குடுக்கறப்பவும் இதையப் போட்டுட்டே குடுங்க.”

“செரி, யாரு கட்டி உடறது?”

“நானே வாறனுங்க.”

மண்டபத்துக்கு நல்ல சேலையில் போனாள். வாசலில் கிட்டுச்சாமி கும்பிட்டார், யாரென்று தெரியாமலேயே. அவரைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பகையில் அவருக்குப் பங்கே இருந்ததில்லை. அறைக்குள் சிவசங்கரி முதுகைக் காட்டி நின்றாள். மூச்சை விடச் சொல்லி, நாடாவை வளையம் வளையமாக இழுத்து, கடைசியில் அடங்காத காளைக்கு அப்பா போடுகிற முடிச்சைப் போட்டாள். தெரிந்தவர் தொட்டால் உடனே அவிழும். தெரியாதவர் இழுத்தால் இன்னும் இறுகும்.

இணைச்சீர் பிரமாதமாக நடந்தது. சிவசங்கரி வந்து நின்றதும் பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பொறாமை என்பதால் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். கேமராக்காரர் மாப்பிள்ளையை மறந்துவிட்டார். பொன்னாத்தாள் தூணருகே நின்று தன் வேலையைப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை.

நிற்பதற்காகத் தைத்தது அது. சாப்பிடுவதற்காக இல்லை. பந்தியில் இரண்டு வாய் உள்ளே போனதும் சிவசங்கரி எழுந்து அறைக்குப் போனாள். கூட வந்த அவள் நாத்தனார் முடிச்சை இழுத்தாள், இறுகியது. ஒருத்தி கத்தரிக்கோலோடு வந்தாள். ஆனால் விடிந்தால் முகூர்த்தம், நாடாவை வெட்டிவிட்டால் வேறு நாடாவுக்கு எங்கே போவது, இந்த பெல்ட் இல்லாமல் ரவிக்கை கொக்கி எட்டாது. பொன்னாத்தாளைக் கூட்டிவரச் சிவசங்கரி தன் மகளைப் பந்திக்கு அனுப்பினாள். சாப்பிட்டு முடித்து வருவதாகச் சொல்லிப் பொன்னாத்தாள் ரசம் வாங்கிக்கொண்டாள். நாத்தனார் வந்தாள். பாதி இலையில் எழுந்தால் விருந்துக்கு மரியாதையா என்று கேட்டுப் பாயசம் வாங்கிக்கொண்டாள். மூன்றாவதாக சிவசங்கரியே வந்தாள், ராணிபோல நிமிர்ந்த நடை. வளைய வழியில்லை.

“ஏனுங்க, ஒரு நிமிசம் வாங்க. மூச்சு முட்டுது.”

“வாறனுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு. பதினோரு வருசத்துக்கு முன்னால எங்கூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தீங்க. கை கழுவற எடத்துல உங்கம்மாகிட்ட ஒண்ணு சொன்னீங்க. அதைய இங்க ஒருக்கா சொல்லுங்க.”

அந்த வரிசையில் சாப்பாடு நின்றது. மறுப்பு, கோபம், அழுகை என்று எல்லாவற்றுக்கும் பொன்னாத்தாள் தயாராக வந்திருந்தாள். சிவசங்கரியின் முகத்தில் இருந்ததோ வெறும் குழப்பம். எத்தனையோ வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டவள். “எந்த ஊருங்க?” என்றாள், மெய்யாகவே தெரியாமல்.

பதினொரு வருஷம் சுமந்ததை, கொடுத்தவளுக்கே தெரியவில்லை. பொன்னாத்தாள் கையிலிருந்த பாயச டம்ளரை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மூன்று இலை தள்ளி உட்கார்ந்திருந்த சிவசங்கரியின் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், நினைவு மந்தமில்லை. “வேலந்தாவளத்துத் தரகரு புள்ளையா நீயி?” என்றாள் மண்டபத்துக்கே கேட்கும்படி. “இவதான் சொன்னா, குதிருக்குச் சேல சுத்தி உட்டாப்பல இருக்குதுன்னு. பஜ்ஜி நல்லா இருந்துச்சு.”

அந்த வரிசையில் பாதிப் பெண்கள் சேலைக்கு உள்ளே ‘குதிர்’ போட்டிருந்தார்கள். கடைப் பேர் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் ஒரே நொடியில் விளங்கியது. ஒருத்தியின் கை தானாக இடுப்புக்குப் போனது. பிறகு எல்லோரும் சிவசங்கரியைப் பார்த்தார்கள். கொஞ்சம் முன்பு பார்த்த பார்வை இல்லை.

“பெரியம்மா சொன்னது ஆகாதுங்க,” என்றாள் பொன்னாத்தாள். “நீங்க சொல்லோணும்.”

சொன்னாள். மூச்சு பாதிதான் இருந்ததால் மெல்லத்தான் வந்தது. பொன்னாத்தாள் பாயசத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, கை கழுவிவிட்டு அறைக்குப் போனாள். முடிச்சு ஒரு விரலில் அவிழ்ந்தது.

“இத்தன வருசமா இதைய மனசுலயே வெச்சிருந்தீங்களா?” என்று சிவசங்கரி கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

“மனசுல எங்கீங்க. போர்டுலயே எழுதித்தான் வெச்சிருந்தேன்.”

மறுநாள் முகூர்த்தத்துக்குக் கூப்பிடாமல் இருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். விடிவதற்கு முன்பே போன் வந்தது. பொன்னாத்தாள் ஏற்கனவே தலைவாரி உட்கார்ந்திருந்தாள். போனாள், கட்டினாள், மதியம் அவிழ்த்தாள். கட்டுவதற்கு முன் அந்த வார்த்தையை மறக்காமல் சொல்ல வைத்தாள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கல்யாண ஆல்பம் வந்தது. அப்படியொரு சிவசங்கரியைச் சிவசங்கரியே பார்த்ததில்லை. அதன் பிறகு காதுகுத்து, புதுமனை புகுதல், நாத்தனார் வீட்டு விசேஷம் என்று எதற்கும் வேறு உள்ளாடை அவளுக்குச் சரிப்படவில்லை. கோயமுத்தூரில் விலை உயர்ந்ததாக இரண்டு வாங்கிப் பார்த்தாள், இரண்டும் சுருண்டன. முன்பக்கம் கொக்கி வைத்துத் தரும்படி ஆள்விட்டுக் கேட்டாள். அந்த அளவுக்கு முன்பக்கம் கொக்கி நிற்காது என்று பதில் போனது. அது பச்சைப் பொய். பட்டில் தடம் தெரியும் என்றதற்கு அடுத்து, பொன்னாத்தாள் தொழிலில் சொன்ன இரண்டாவது பொய். பின்பக்க நாடா தங்களுக்கும் வேண்டும் என்று வந்த மற்றவர்களுக்குத் தைக்க மறுத்துவிட்டாள். அது ஒருத்தருக்கான மாடல்.

ஆக, விசேஷம் தோறும் பொன்னாத்தாளைக் கூட்டிப்போக சிவசங்கரி வீட்டு ஜீப் தீவனக் கடை முன்னால் வந்து நிற்கிறது. விசேஷ வீட்டில் கண்ணாடி முன் சிவசங்கரி முதுகைக் காட்டி நிற்பாள். பொன்னாத்தாள் நாடாவின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். முதலிலெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. போன மாசம் சிவசங்கரி அவளாகவே, ஆட்டோக்காரரிடம் இடம் சொல்வதைப்போல, “குதிரு” என்று சொல்லிவிட்டு மூச்சை விட்டாள். பழகிவிட்டது. பொன்னாத்தாளுக்கு அது பிடிக்கவில்லை. நாடாவை இழுக்காமல் அப்படியே நின்றாள்.

“முழுசாச் சொல்லுங்க.”

வெளியே விருந்தாளிகளின் வண்டிகள் வரும் சத்தம் கேட்டது. சிவசங்கரி கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள், பின்னால் நிற்பவளைப் பார்த்தாள்.

“குதிருக்குச் சேல சுத்தி உட்டாப்பல இருக்குது.”

“ஆருங்க?”

“நான்தான்.”

பொன்னாத்தாள் இழுத்தாள், வழக்கத்தைவிட ஒரு வளையம் கூடுதலாக.