பத்து நாள் சுண்ணாம்புக் கோடும் ஸ்டெல்லா மேடமும்

ஸ்டெல்லா மேடம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதை மறைத்து எழுத மனசு வரவில்லை. காலை எட்டு மணிக் கூட்டம். ஆபீஸ் போகிறவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, என்னிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிற நேரம். மாடியில் இருக்கும் மன்றத்தில் நடனம் சொல்லித் தரும் வசந்தி டீச்சர் படியிறங்கி வந்தார். காலில் செருப்பு இல்லை.

"இன்னா டீச்சர், செருப்பை எவனாவது சுட்டுகினு பூட்டானா? நம்ம ஸ்டாண்டுல வுட்டிருந்தா டோக்கன் போட்டுப் பாத்துகினு இருந்திருப்பேனே!" என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "ஏழுமலை அண்ணே, நம்ம பில்டிங்கை வரைஞ்சாங்களே ஸ்டெல்லா மேடம், விடியக்காலையில ஆஸ்பத்திரியில தவறிட்டாங்களாம்" என்றார். டோக்கனுக்குக் கை நீட்டியிருந்த ஆள் "அண்ணே, டிரெயின்" என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் எனக்குக் கையே அசைந்தது.

மன்றம் போடும் இந்த நினைவு மலரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு மேடத்தின் முகம் தெரியும். மீதிப் பேருக்கு அவர் வரைந்த கட்டடம் தெரியும். கீழே கடைகள், முதல் மாடியில் ஆபீஸுகள், பின்பக்கம் தூண்கள் மேல் மன்றம். இது எல்லாம் நீங்கள் பார்க்கிறதுதான். ஸ்டேஷன் படி இறங்கி மார்க்கெட்டுக்குப் போகும்போது கடைகளுக்கு நடுவே புகுந்து போகிறீர்களே, அந்த அகலமான வழி, அது எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் இப்போது இரண்டே பேர். ஒருவர் இந்த மனையின் சொந்தக்காரர் வேதாசலம் ஐயா. அவர் சொல்ல மாட்டார். இன்னொருவன் நான். சொன்னால் எனக்குத்தான் மானக்கேடு. ஆனாலும் சொல்கிறேன். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் டைப் அடித்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர் தலையில் போடுங்கள்.

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இது வெறும் பொட்டல். ஒரு மூலையில் ஓலை போட்டு நான் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தேன். ஐயாவின் குடும்பம் ஒரு காலத்தில் இங்கே நெல் போட்ட குடும்பம். நான் சொல்கிற காலத்தில் அவருக்கு மார்க்கெட்டில் சிமெண்ட் கடை. கட்டடம் கட்ட முடிவு செய்தபோது அவர் மனசில் இருந்த படம் சுலபமானது: கீழே கடை, மேலே கடை, அதுக்கு மேலேயும் கடை. ஆனால் அவர் மகள் நடனம் கற்றுக்கொள்ள மாம்பலம் வரைக்கும் ரயில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். அந்த ஒரு சந்தில் மேடம் உள்ளே புகுந்துவிட்டார். "தாம்பரத்துக்காரங்க ஒரு பாட்டுக் கச்சேரி கேக்கணும்னாலும் டிக்கெட் எடுத்துப் பட்டணம் போகணுமா, ஐயா? ஒரு மன்றம் இங்கயே இருக்கட்டுமே" என்று கேட்டு, அதற்குச் சம்மதம் வாங்கினார்.

மேடம் கிழக்குத் தாம்பரத்துக்காரர். பட்டணத்தில் ஒரு பெரிய கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுத் தனியாக எடுத்த முதல் வேலை இது. முதல் நாள் அவரைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதற்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ.

"மேடம், மேல கல்யாணம், கீழ பி.டி. பீரியடா?" என்றேன்.

"கல்யாணத்துக்குப் போறவங்க சேத்துல எறங்க மாட்டாங்க. நான் எறங்கணுமே" என்றார். சொன்னபடியே இறங்கினார்.

நீலத் தாளில் முதல் படத்தைக் கொண்டுவந்து ஐயாவிடம் விரித்துக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை; ஐயாவுக்கும் புரியவில்லை, ஆனால் அவர் தலையாட்டினார். ஒரு கட்டத்தைக் காட்டி "இது இன்னா மேடம்?" என்று கேட்டேன். கார் நிறுத்துமிடம் என்றார்.

"தாம்பரத்துல எத்தினி கார் பாத்தீங்க? ஒரு டாக்டரு, ரெண்டு மாப்பிள்ளை ஊர்வலம். சைக்கிளு எங்க நிக்கும்? மாடியிலயா?"

ஐயா முறைத்தார். மேடம் முறைக்கவில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு போனார். மறுவாரம் இடதுபுறம் ஒரு நீளமான சைக்கிள் ஸ்டாண்டு, சுற்றிலும் சுவர், ஒரே வாசல். "இது உங்களுக்கு" என்றார். எனக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள், கைத்தொழில் வேறு கிடையாது. அன்றைக்கு ராஜா மாதிரி நடந்தேன்.

ஐயாதான் சொன்னார்: "பேப்பர்ல எல்லாமே பெருசாத்தாம்மா தெரியும்." அதற்கு மேடம் செய்த காரியம் இந்தப் பக்கத்தில் யாரும் பார்க்காதது. முளை அடித்து, நூல் கட்டி, டேப் பிடித்து, முழுக் கட்டடத்தையும் அதே அளவில் தரையில் சுண்ணாம்புப் பொடியால் வரைந்தார். இது கடை, இது படி, இது மன்றம், இது ஸ்டாண்டு. "பத்து நாள் இப்படியே கெடக்கட்டும். அப்புறம்தான் கடைசிப் படம்" என்றார். என்னைக் காவல் வைத்தார். "மாடு வந்தா ஓட்டுங்க, ஏழுமலை. மத்தபடி எதையும் தொடாதீங்க. என்ன ஆகுதுன்னு மட்டும் பாருங்க."

ஜனங்கள் கேட்காத கேள்வி இல்லை. சர்க்கஸா, கபடியா, எலெக்ஷன் மீட்டிங்கா என்றார்கள். ஏர்ஃபோர்ஸ்காரர்கள் பக்கத்தில்தானே இருக்கிறார்கள், நான் பாட்டுக்கு "ஏரோப்ளேன் எறங்கப் போவுது, தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டேன். ஒரு பெரியம்மா நிஜமாகவே இரண்டு நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் நாள் சாயங்காலமே அது நடந்தது. எலக்ட்ரிக் டிரெயின் வந்து நின்றது, ஜனம் படியிறங்கி எப்போதும் போல மனையின் குறுக்கே மார்க்கெட்டுக்கு நடந்தது. கடைசி ஆள் போன பிறகு பார்த்தால் கோட்டைக் காணோம். மற்ற எல்லாம் அப்படியே இருக்க, ஒரே இடத்தில் மட்டும் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு அழிந்துபோயிருந்தது. நடுவில் நாலு கடையின் கோடு, அதைத் தாண்டி என் ஸ்டாண்டின் சுவர்.

நான் மக்கு இல்லை. மேடம் பார்த்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். வழி விடுவார். வழி விட்டால் ஸ்டாண்டு எங்கே போகும்? மறுநாள் காலை முதல் வேலையாக உடைந்த பிளாஸ்டிக் மக்கில் சுண்ணாம்பு எடுத்து அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். சாயங்காலம் ஜனம் அழித்தது. காலையில் நான் போட்டேன். மேடம் பத்து மணிக்கு வந்து, "ஏதாவது அழிஞ்சுதா?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்ல மேடம், கல்லாட்டம் கீது" என்பேன்.

ஒன்பதாம் நாள் காலை குனிந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். முகத்துக்கு நேரே கான்வாஸ் ஷூ.

"கோடு நேரா வரல, ஏழுமலை. நூல் பிடிச்சுக்குங்க."

"மாடு மேடம். மாடு வந்து படுத்து..."

"எந்த டிரெயின்ல வந்து எறங்குச்சு அந்த மாடு?"

மக்கைக் கீழே வைத்தேன். மூன்று நாளாக மேடம் எதிர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா வழி வுட்டுருவீங்க மேடம். என் பொழப்பு பூடும்" என்றேன்.

அவருக்குக் கோபம்தான். ஆனால் குரல் உயரவில்லை. "ஒன்பது நாளா ஜனங்களைப் பார்த்துக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன். உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்" என்றார். பிறகு, "ஜனங்க வாய்கிட்ட கேட்டா எனக்குப் பிடிச்சதைச் சொல்லிடும். அதனாலதான் அவங்க காலைக் கேட்டேன். அந்தக் கால் சொன்னதுக்கும் நீங்க வெள்ளையடிச்சிட்டீங்க" என்றார். ஸ்டாண்டுக்கு வேறு இடம் தருகிறேன் என்று ஆறுதல் சொல்லவில்லை. "இப்போதைக்கு வேற எடம் எனக்குத் தெரியல. தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஆனா இங்க சுவர் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. ஐயா பழைய படத்தையும் புதுசையும் சேர்த்தே பார்க்கட்டும் என்று, அழிந்திருந்த கோடுகளை மேடமே விடியற்காலையில் வந்து நூல் பிடித்துப் போட்டிருந்தார். ஐயா திருநீர்மலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றி நிறைய நாமமும் சலவை வேட்டியுமாக நேரே வந்தார். மேடம் எப்போதும் போல, "ஏழுமலை, டேப்போட அந்த முனையைப் பிடிங்க" என்றார். முந்தின நாள் எதுவுமே நடக்காத மாதிரி அதே குரல். புது வழியின் அகலத்தை அளந்து காட்டினோம். நடுவில் நாலு கடை போய்விடும் என்றதும் ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வழியா? ஜனங்க சுத்திகினு போவட்டும்மா! ரோடு எதுக்குப் போட்டுக்கீறான்? என் எடத்துல ஊரு நடக்கறதுக்கு நான் இன்னா தர்மசத்திரமா கட்றேன்? பழைய படமே இருக்கட்டும். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மேடம் எவ்வளவோ சொன்னார். "நாலு கடை கொறஞ்சா மத்த கடைங்க முன்னாடி ஊரே நடக்கும், ஐயா" என்றார். அவர் கேட்கவில்லை. பேச்சு முடிந்தது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மேடம் குடையை மடித்தார். முதல் வேலை கையை விட்டுப் போகிறது என்பது அந்த முகத்தில் தெரிந்தது. எனக்கோ, உள்ளதைச் சொல்கிறேன், வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பழைய படம் என்றால் என் ஸ்டாண்டு பிழைத்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

ஐயா கடைக்குக் கிளம்பினார். ரோட்டுப் பக்கம் போகவில்லை. மனையின் குறுக்கே நடந்தார். முதல் கடையின் கோட்டைத் தாண்டினார், நேரே என் ஸ்டாண்டின் சுவரைப் பார்த்து விறுவிறுவென்று போனார். இந்த வாய் இருக்கிறதே, அது என்றைக்கு என் பேச்சைக் கேட்டது?

"ஐயா! பாத்து! சுவத்துல இட்சிக்கப் போறீங்க!"

அவர் ஒரு காலைக் கோட்டின் மேல் வைத்தபடியே நின்றார். குனிந்து பார்த்தார். செருப்பு, கால்விரல், வேட்டிக் கரை எல்லாம் வெள்ளை. திரும்பி ஸ்டேஷன் படியைப் பார்த்தார். மார்க்கெட்டைப் பார்த்தார்.

"நான் எப்பவும் இப்படித்தானேடா போறேன்" என்றார்.

"அதான் ஐயா. எல்லாரும் அப்படித்தான் போறாங்கோ."

மேடம் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். அவர் குடைக் கம்பியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா வேட்டியைத் தட்டினார். அது இன்னும் பரவியது. கடைசியில், "வழி வுட்டுத் தொலைம்மா. இல்லன்னா எனக்கே சுத்து" என்று சொல்லிவிட்டு, சுவரைத் தாண்டி நடந்துபோனார்.

நாங்கள் இருவரும் அவர் மறைகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு, பிறகு சிரித்தோம். மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "உங்க வாயே உங்க ஸ்டாண்டை முழுங்கிடுச்சே, ஏழுமலை" என்றார்.

"போனாப் போவுது மேடம். கடலை விக்கறேன்" என்றேன்.

இரண்டு வாரம் அவரைக் காணவில்லை. வந்தபோது கையில் நீலத் தாள் இல்லை. "உங்க ஸ்டாண்டுலயே உயரமான சைக்கிள் ஒண்ணு கொண்டுவாங்க" என்றார். பால்காரரின் சைக்கிளைக் கேனோடு தள்ளிவந்தேன். என்னை அதன் பெடல் மேல் ஏறி நிற்கச் சொல்லி, தலைக்கு மேல் டேப் பிடித்து அளந்தார். புதுப் படத்தில் பின்பக்கத்து மன்றத்தை அப்படியே தூண்கள் மேல் தூக்கிவிட்டு, அதன் கீழே சைக்கிள்களை நிறுத்தினார். ஐயா வந்து, "சைக்கிளு மேல சலங்கையா?" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கட்டும்போது மேஸ்திரியோடு மேடம் போட்ட சண்டைகளை எழுதினால் தனி மலர் வேண்டும். படி உயரம் அரை விரற்கடை கூடிவிட்டது என்று மூன்று படியை இடித்துத் திரும்பக் கட்ட வைத்தார். "கூடை தூக்கிட்டு வர்றவங்க காலைப் பாத்திருக்கீங்களா?" என்று அவர் கேட்டதும் மேஸ்திரியே கடப்பாரையை எடுத்ததை நான் பார்த்தேன். திறப்பு விழாவில் முதல் ஆட்டம் ஐயாவின் மகளுடையது. மேலே சலங்கைச் சத்தம், கீழே நான் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டுக்குப் போகிற ஜனம் வழியில் பையோடு நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நின்ற இடத்துக் கடையில் அப்படியே ஏதோ வாங்கவும் வாங்கியது. ஐயா அதைக் கவனித்தார். அதற்குப் பிறகு அந்த நாலு கடையைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை.

உடம்புக்கு முடியாமல் போன பிறகும் போன வருஷம் ஒரு தரம் மேடம் வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். இப்போது ஸ்டாண்டில் பாதி மோட்டார் பைக். "பாருங்க மேடம், கார் வரும்னு சொன்னீங்க, பாதி தூரம் வந்துட்டுக்கீது" என்றேன். அவருக்குச் சிரித்தால் இருமல் வந்தது, இருமிக்கொண்டே சிரித்தார். ஒரு மணி நேரம் வழி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது போதும் என்றவராக எழுந்து போனார்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் எது என்று யோசித்தேன். கட்டடக் கலை எனக்கு ஏறாது. அந்தச் சனிக்கிழமைக் காலை, தன்னை ஒன்பது நாள் ஏமாற்றினவனைப் பார்த்து "அந்த முனையைப் பிடிங்க" என்றாரே, அந்தக் குரல்தான் என்னிடம் இருக்கிறது. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் ஸ்டாண்டில் ஒருவரைப் பிடித்தேன். வருஷக்கணக்காக வருகிற ஆள். தன் ஓட்டைப் பெல்லைக் கழற்றிப் பக்கத்து சைக்கிளில் மாட்டி, அதன் புதுப் பெல்லைத் தன்னுடையதில் மாட்டியிருந்தார். பழைய ஏழுமலையாக இருந்தால் ஸ்டாண்டே சிரிக்கிற மாதிரி ஒரு மாசம் ஓட்டியிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கிட்டப் போய், "அண்ணே, பெல்லு மாறிக்கீது. சாயங்காலம் சரி பண்ணிடுங்க" என்று அவர் காதில் மட்டும் சொன்னேன். தலை நிமிராமல் போனார்.

அடுத்த நாள் காலை வருவாரோ மாட்டாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். பெல் சரியாக இருந்தது. "வாங்கண்ணே, டிரெயினுக்கு நேரமாச்சு" என்று டோக்கனைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கடைகளுக்கு நடுவே ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார்.