நளீர் சொன்ன விலை

நளீருக்குக் கடை கிடையாது. ஒரு கறுப்புத் தோல்பை, நாணயங்களைச் செருகி வைக்கும் பிளாஸ்டிக் ஆல்பம், கண்ணாடி கீறிப்போன கைபேசி, இவ்வளவுதான் அவருடைய வியாபாரம். வீடு அக்குறணையில். அலுவலகம் என்றால், கண்டியில் குட்செட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையின் மூலை மேசை. பழைய நாணயம் வாங்கி விற்றே முப்பது வருடத்தை ஓட்டிவிட்டார்.

அந்த முப்பது வருடமும் அவரைப் படுத்தி எடுத்தது ஒரு பழக்கம். எதைக் காட்டினாலும், இது இவ்வளவுக்குப் போகும், எனக்கு இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவு என்று எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்துவிடுவார். எந்த வியாபாரி இப்படிச் செய்வான்? கேட்பவர்கள் உடனே உஷாராகிவிடுவார்கள். யூடியூபில் எவனோ இரண்டு ரூபாய் நாணயத்துக்கு இருபது லட்சம் என்று உளறியிருப்பான். அதை நம்புவார்கள், இவர் சொல்வதை நம்பமாட்டார்கள்.

"ஒங்கட வெலய ஒருத்தர் சரி நம்பி ஈக்கா?" என்று கேட்பாள் மனைவி ஹபீலா. "பேசாம எங்கட நானாட ஹார்ட்வெயார் கடைக்கிப் போங்கொ." நானா என்றது அவளுடைய அண்ணனை.

ஒரே ஒரு ஆள் நம்பினால் போதும் என்று நளீருக்கு வெறியே பிடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. கோப்பித் தோட்டக் காலத்தில் வேலையாட்களுக்குக் கொடுத்த செப்பு டோக்கன், ஓரத்தில் ஒரு வெட்டு. அனுப்பியவன் ஜெயராஜ். டோக்கன் அவனுடைய அம்மா சுப்பம்மாவின் பெட்டியில் கிடந்ததாம். நளீர் அடுத்த பஸ்ஸிலேயே ஏறி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்விட்டார்.

"கொழும்பில ஒருத்தர் இதுக்குத் தொண்ணூறாயிரம் தருவார்மா. பத்து எனக்கு, எம்பது ஒங்களுக்கு."

தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை நளீருக்கு மனப்பாடம். இவரே எண்பது என்றால், உண்மையில் எட்டு லட்சம் இருக்கும் என்ற பார்வை.

"யோசிச்சுச் சொல்றோம் நானா" என்றான் ஜெயராஜ்.

இரண்டு வாரம் யோசித்தார்கள். பிறகு கண்டியில் ஒரு நகைக்கடைக்காரர் நளீரைக் கூப்பிட்டு, இதற்கு என்ன விலை போகும் என்று ஒரு டோக்கனை நீட்டினார். அதே வெட்டு. ஜெயராஜை ஏசி போட்ட கடையில் உட்காரவைத்து, சோடா கொடுத்து, ஆறாயிரத்துக்கு வாங்கியிருக்கிறார்!  நளீர் இங்கேயும் உண்மையைத்தான் சொன்னார். விளைவு, அதை ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கவேண்டி வந்தது. கொழும்புக்காரர் பேசியபடி தொண்ணூறு தந்தார்.

மிஞ்சிய நாற்பதில் பத்துத்தான் தன்னுடையது, முப்பது சுப்பம்மாவுடையது என்று அவர் கிளம்பியபோது ஹபீலா தலையில் அடித்துக்கொண்டாள். நளீர் காதில் வாங்கவில்லை. காசைக் கையில் கண்டால் நம்பித்தானே ஆகவேண்டும்!

லயத்தில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, முப்பதாயிரத்தைச் சுப்பம்மாவின் கையில் வைத்தார். அவள் காசைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"சும்மா வந்து முப்பதாயிரம் குடுக்குறாருன்னா, எவ்வளவுக்கு வித்திருப்பாரு?"

"தொண்ணூறுதான்மா. அல்லாஹ் மேல ஆணையா."

"சத்தியமெல்லாம் எதுக்கு நானா?" என்றான் ஜெயராஜ். "அந்தக் கடை மொதலாளி நல்ல மனுசன். சொன்ன ஆறாயிரத்த அப்படியே எண்ணிக் குடுத்தாரு. நீங்க எதையோ மறைக்கிறீங்க."

நளீருக்குத் தாங்கவில்லை. முப்பது வருட ஆத்திரத்தையும் சேர்த்துக் கத்தினார்.

"சரி! அஞ்சு லட்சத்துக்கு வித்தேன்! போதுமா?"

அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய் விலை அது. சண்டைக்கு வருவார்கள் என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஜெயராஜின் முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியாம்மா, நான் அப்பவே சொன்னேன்ல?"

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன நானா?" என்று சுப்பம்மா கதிரையை இழுத்துப் போட்டாள். "ஒக்காருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."