மண்டபத்துக்கு இரண்டு டைரக்டர்கள்

மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம். சென்னிமலை முருகனிடம் பூப் போட்டு உத்தரவு கேட்ட பிறகுதான் நாளையே முடிவு செய்தோம். கோயமுத்தூரில் எங்கள் பகுதிக்கு இருந்த ஒரே பெரிய கல்யாண மண்டபம் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குச் சொந்தம். அண்ணன், தம்பி இருவரும் டைரக்டர்கள். ஆபீஸில் உட்கார்ந்து நாள் குறித்துக் கொடுப்பது எந்தக் காலத்திலும் அண்ணன்தான். எங்கள் சொந்தத்தில் நடந்த கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் குறித்துக் கொடுத்தார். எங்களுக்கும் அவரே கையெழுத்துப் போட்டு, கம்பெனி சீல் குத்தி ரசீது கொடுத்தார். முதல் பத்திரிகையை மலைக்குக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்துவிட்டு, சனங்களுக்கெல்லாம் கொடுத்தும் முடித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு தம்பி ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, அன்னைக்கு மண்டபம் உங்களுக்கு இல்லீங்க. நான் வேற ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டேன்.”

“உங்க அண்ணன் ரசீது குடுத்திருக்காருங்களே?”

“அவரு ஒருத்தரே குடுத்தாச் செல்லாதுங்க. கம்பெனி விதிப்படி ரெண்டு டைரக்டரும் உக்காந்து தீர்மானம் போடோணும். போடலீங்க.”

“நீங்க உக்காராதது என் குத்தமுங்களா?”

அண்ணனிடம் போனால், “அவங்கூட நான் பேசறதில்லீங்க, நீங்களே சொல்லிப்போடுங்க” என்கிறார். ஒரே கட்டடம்தான், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அந்த இரண்டு கதவுக்கும் நான் தபால்காரன்போல நடந்தேன். முருகா, பெண்ணைப் பெற்றவனுக்கு இதுவும் ஒரு வேலையா?

வீட்டுக்கு வந்தால் மனைவி சொன்னாள்: “மலைமேல இருக்கற சாமிகிட்ட உத்தரவு வாங்கத் தெரிஞ்சுது. பலகைக்கு அந்தப்பக்கம் இருக்கறவருகிட்ட வாங்கத் தெரியலீங்களே!”

நான் எட்டாவதோடு நின்றவன். கம்பெனிக்குள் யார் யாரோடு உட்கார வேண்டும் என்று எனக்கெப்படித் தெரியும்? எரிச்சலோடு ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்பெனி விதியையும் ரிஜிஸ்தர் ஆபீஸில் வாங்கிப் படித்தார்.

“தீர்மானம் போட்டா ஒரு டைரக்டரே குடுக்கலாம்னுதான் விதியில இருக்குதுங்க. அவங்க போட்டாங்களா இல்லையானு வெளியாளு உள்ள பூந்து பாக்க வேண்டியதில்லை. நம்பி ரசீது வாங்கினவங்களுக்குக் கம்பெனி கட்டுப்பட்டே ஆகோணும்.”

“அப்ப மண்டபம் எனக்குத்தானுங்களே?”

“கேசு போட்டா நீங்கதான் ஜெயிப்பீங்க.”

“எப்பங்க?”

“பேத்தி கல்யாணத்துக்குள்ள தீர்ப்பு வந்துருமுங்க.”

அவர் சிரித்தார். சட்டம் என் பக்கம் நிற்கிறதாம், முகூர்த்தம் நிற்குமா?

இருந்தாலும் மனிதர் நல்லவர். அண்ணனுக்கும் எழுதவில்லை, தம்பிக்கும் எழுதவில்லை. கம்பெனிக்கே நோட்டீஸ் விட்டார். மண்டபத்தைக் கொடுக்காவிட்டால் மற்றவருக்கும் கொடுக்க முடியாதபடி கோர்ட்டில் தடை கேட்போம், நஷ்டத்தையும் கம்பெனியே கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார்.

“எங்க சண்டை எங்களோட போகட்டுமுங்க. நான் சொன்னவருக்கு வேற நாள் குடுத்துக்கறேன், மண்டபம் உங்களுக்குத்தான்.”

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் நாலு நாள் தூங்கியிருப்பேன்.

சாமி புண்ணியத்தில் அதே முகூர்த்தத்தில், அதே மண்டபத்தில் தாலி ஏறியது. பந்தி நடக்கும்போது அண்ணன் என் காதோரம் குனிந்து, “நான் உறுதியா நின்னதாலதான் மண்டபம் கிடைச்சுதுங்க” என்றார். அவர் போனதும் தம்பி வந்து, “நான் விட்டுக்குடுக்கலீனா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்?” என்றார். இருவருக்கும் சொல்ல நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டுக் கும்பிட்டேன். பக்கத்திலேயே சம்பந்தி நின்றுகொண்டிருந்தாரே!